கோப்பு போனில் இருக்கிறது, செயலி மட்டும் இல்லை என்கிறது

#1 புதுத்தடம்

ஆண்ட்ராய்டுக்காக, கோட்லின் மொழியில் ஒரு ஆடியோ பாடச் செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன். பயனர் தன் போனில் உள்ள ஆடியோ கோப்பு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அதன் பாதையை டேட்டாபேஸில் சேமித்துக்கொள்வேன். அடுத்த முறை செயலியைத் திறக்கும்போது அந்தக் கோப்பு இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ப்ளே பட்டனைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் தேவை.

ஜாவாவின் ஃபைல் கிளாஸில் உள்ள எக்ஸிஸ்ட்ஸ்() ஃபங்ஷனைத்தான் பயன்படுத்துகிறேன். எப்போதும் ஃபால்ஸ் வருகிறது. ஃபைல் மேனேஜரில் பார்த்தால் கோப்பு அங்கேயே இருக்கிறது, பாடவும் செய்கிறது. லாகில் வருவது இதுதான்:

பாதை: /டாக்குமென்ட்/ஆடியோ:1043
இருக்கிறதா: ஃபால்ஸ்

செயலி தானே டவுன்லோட் செய்த கோப்புகளுக்கு இதே கோடு சரியாக வேலை செய்கிறது. செயலியோடு சேர்த்து அனுப்பும் மாதிரிப் பாடம் ஒன்று அசெட்ஸ் ஃபோல்டரில் இருக்கிறது. அதற்கும் ஃபால்ஸ்தான். எங்கே இடிக்கிறது?

#2 அரைப்புள்ளி

பர்மிஷன் பிரச்சினை. மேனிஃபெஸ்ட்டில் (செயலியின் விவரக் கோப்பு) எல்லாக் கோப்புகளையும் நிர்வகிக்கும் பர்மிஷனைச் சேர்த்துவிடுங்கள், வேலை முடிந்தது.

#3 கற்குவியல்

அரைப்புள்ளி, அது வேண்டாம். ஆண்ட்ராய்டு 11-இல் வந்த அந்தப் பர்மிஷனை ப்ளே ஸ்டோரில் எல்லோருக்கும் தர மாட்டார்கள். ஃபைல் மேனேஜர், பேக்கப், வைரஸ் தடுப்பு மாதிரியான செயலிகளுக்குத்தான் அது. ஒரு பாடச் செயலி அதைக் கேட்டால் பரிசீலனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சரி, கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் இங்கே பயன் இல்லை, ஏனென்றால் இவருடைய சிக்கல் பர்மிஷனில் தொடங்கவில்லை.

புதுத்தடம், உங்கள் லாகை இன்னொரு முறை பாருங்கள். "/டாக்குமென்ட்/ஆடியோ:1043" என்று உங்கள் போனில் எந்த ஃபோல்டரும் கிடையாது. பயனர் தேர்ந்தெடுத்ததும் உங்களுக்குக் கிடைத்தது ஒரு கன்டென்ட் யூஆர்ஐ, அதாவது கோப்பைச் சுட்டும் ஒரு முகவரி, அது இருக்கும் பாதை அல்ல. அதில் பாத் என்ற பகுதியை மட்டும் உருவி எடுத்து ஃபைல் கிளாஸுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த 1043 என்பது மீடியா டேட்டாபேஸில் ஒரு வரிசையின் எண். அந்த வரிசை எந்தக் கோப்பைக் காட்டுகிறது என்பது அதை வழங்கும் ப்ரொவைடருக்கு மட்டுமே தெரியும். வேறு ப்ரொவைடராக இருந்தால் கோப்பு போனிலேயே இல்லாமல் கிளவுடில்கூட இருக்கலாம்.

செய்ய வேண்டியது: யூஆர்ஐயை முழு ஸ்ட்ரிங்காகச் சேமியுங்கள், பாதையை அல்ல. பார்க்கும்போது கன்டென்ட் ரிசால்வர் (யூஆர்ஐயைத் திறந்து தரும் ஆண்ட்ராய்டு கிளாஸ்) வழியாக அதைத் திறந்து பாருங்கள். ஃபைல்நாட்ஃபவுண்ட் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) வந்தால் கோப்பு போய்விட்டது. செக்யூரிட்டி எக்ஸெப்ஷன் வந்தால் கோப்பு இருக்கலாம், ஆனால் உங்களுக்கு இப்போது உரிமை இல்லை. இந்த இரண்டுக்கும் பயனரிடம் ஒரே செய்தியைக் காட்டாதீர்கள். முதலாவதில் "கோப்பைக் காணோம்", இரண்டாவதில் "மறுபடி ஒருமுறை தேர்ந்தெடுங்கள்".

உரிமை ஏன் போகும் என்று கேட்பீர்கள். ஓபன் டாக்குமென்ட் இன்டென்ட் (கோப்பைத் தேர்ந்தெடுக்கும் திரையைத் திறக்கச் சொல்லும் கோரிக்கை) மூலம் கிடைக்கும் அனுமதி, போனை அணைத்துப் போட்டால் போய்விடும். அதைத் தக்கவைக்க டேக்பெர்சிஸ்டபிள்யூஆர்ஐபெர்மிஷன் என்ற நீளமான பெயர் கொண்ட ஃபங்ஷனை, பயனர் தேர்ந்தெடுத்த உடனேயே கூப்பிட வேண்டும். கெட் கன்டென்ட் இன்டென்ட் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதை முதலில் மாற்றுங்கள். தற்காலிகமாக வாங்கிப் படிப்பதற்கு ஏற்பட்டது அது.

டாக்குமென்ட்ஃபைல் கிளாஸிலும் ஒரு எக்ஸிஸ்ட்ஸ்() இருக்கிறது, யூஆர்ஐக்கு வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு முறையும் ப்ரொவைடரிடம் போய்க் கேட்டுவிட்டு வரும். ஒன்றிரண்டு கோப்புக்குச் சரி. நீளமான பட்டியலில் அதை லூப்பில் போட்டால் ஸ்க்ரோல் செய்யும்போதே தெரிந்துவிடும்.

#4 முற்றுப்புள்ளி

அசெட்ஸ் பற்றி மட்டும்: அவை ஏபிகே (செயலியின் இன்ஸ்டால் கோப்பு) என்ற ஜிப்புக்குள்ளேயே இருக்கும், இன்ஸ்டால் செய்யும்போது வெளியே எடுத்து வைக்கப்படுவதில்லை. ஆகவே பாதை என்று ஒன்று கிடையாது. அசெட்மேனேஜரைத் திறக்கச் சொல்லுங்கள். திறந்தால் இருக்கிறது, எக்ஸெப்ஷன் வந்தால் இல்லை. பில்டில் நீங்களே வைத்த கோப்புதானே, அது இருக்கிறதா என்று செயலி ஓடும்போது சந்தேகப்பட வேண்டிய அவசியமே வராது.

#5 இரவுஷிஃப்ட்

கற்குவியல் சொன்ன "திறந்து பாருங்கள்" என்பதை எல்லா இடத்துக்கும் பொருத்தலாம் என்பேன். இருக்கிறதா என்று முன்கூட்டிக் கேட்கும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள்.

எக்ஸிஸ்ட்ஸ்() ட்ரூ என்று சொல்லும் கணத்துக்கும் நீங்கள் அடுத்த வரியில் கோப்பைத் திறக்கும் கணத்துக்கும் நடுவே எது வேண்டுமானாலும் நடக்கும். பயனர் ஃபைல் மேனேஜரில் அதை அழிக்கலாம். இடம் குறைகிறது என்று இயங்குதளம் உங்கள் கேஷ் ஃபோல்டரைக் காலி செய்யலாம். உங்கள் செயலியிலேயே பின்னணியில் ஓடும் இன்னொரு த்ரெட் அதன் பெயரை மாற்றலாம். எக்ஸெப்ஷனைப் பிடிக்கும் கோடை எப்படியும் எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டால், முன்னால் நிற்கும் இஃப் எதற்கு? பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப்பட்டியலில் இந்த இடைவெளிக்கு 367 என்று தனி எண்ணே உண்டு. ஆப்பிளும் தன் ஃபைல்மேனேஜர் கிளாஸின் ஆவணத்தில் இதையேதான் சொல்கிறது: முன்கூட்டிப் பார்த்து முடிவெடுக்காதே, செயலைச் செய்து பார், பிழை வந்தால் கையாள்.

புதுக் கோப்பு உருவாக்கும்போதும் அப்படித்தான். "இல்லையென்றால் உருவாக்கு" என்று இரண்டு வரியாக எழுதாமல் கிரியேட்நியூஃபைல்() கூப்பிட்டால், பார்ப்பதும் உருவாக்குவதும் ஒரே செயலாக நடக்கும். ஏற்கெனவே இருந்தால் ஃபால்ஸ் திருப்பும்.

இன்னொன்று. ஃபால்ஸ் வந்தால் "கோப்பு இல்லை" என்று அர்த்தம் கொள்ளாதீர்கள். "இருப்பதாக என்னால் உறுதி செய்ய முடியவில்லை" என்பதுதான் அதன் பொருள். மேல் ஃபோல்டருக்குள் நுழைய உரிமை இல்லையென்றாலும் அதே ஃபால்ஸ்தான். ஆண்ட்ராய்டு 8 (ஏபிஐ 26) முதல் கிடைக்கும் ஃபைல்ஸ் கிளாஸில் எக்ஸிஸ்ட்ஸ், நாட்எக்ஸிஸ்ட்ஸ் என இரண்டு ஃபங்ஷன்கள் தனித்தனியாக இருப்பது இதனால்தான். ஒரே கோப்புக்கு இரண்டுமே ஃபால்ஸ் சொல்லும் நிலை உண்டு.

#6 வரிசைமாற்றி

இரவுஷிஃப்ட் சொன்னது: "முன்கூட்டிக் கேட்கும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள்."

இது பாடப்புத்தகத்துக்கு நன்றாக இருக்கும். என் திரையில் 200 பாடங்களின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் "டவுன்லோட் ஆகிவிட்டது" என்றோ "டவுன்லோட் செய்" என்றோ ஐகான் காட்ட வேண்டும். ஐகான் போடுவதற்காக 200 கோப்பையும் திறந்து மூடச் சொல்கிறீர்களா?

பயனருக்கு நிலவரத்தைக் காட்டுவதற்குக் கேட்பது வேறு, அடுத்த செயலை அதை நம்பிச் செய்வது வேறு. முதல் வகையில் விடை ஒரு விநாடி பழையதாக இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. தட்டும்போது கோப்பு இல்லையென்றால் அப்போது ஐகானை மாற்றிக்கொள்ளலாம்.

அதற்கும் 200 முறை எக்ஸிஸ்ட்ஸ்() கூப்பிட வேண்டாம். ஃபோல்டரை ஒரே ஒரு முறை லிஸ்ட் செய்து பெயர்களை ஒரு செட்டில் போட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் எல்லாம் மெமரியிலேயே முடிந்துவிடும். இதைப் பின்னணி த்ரெட்டில் செய்ய வேண்டும். மெயின் த்ரெட்டில் (திரையை இயக்குவது) டிஸ்க்கைத் தொடுகிறீர்களா என்று தெரிய டெவலப்மென்ட் பில்டில் ஸ்ட்ரிக்ட்மோடைப் போட்டுவையுங்கள், எங்கெங்கே தொடுகிறீர்கள் என்று லாகில் காட்டிக்கொடுத்துவிடும்.

#7 இரவுஷிஃப்ட்

ஐகானுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் பார்த்த கோடுகளில் அந்த ஐகானுக்காக எழுதிய ஃபங்ஷனையேதான் பிளேயரும் கூப்பிடும். "இஸ்டவுன்லோடட்" என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டால் எல்லோரும் அதை நம்பிவிடுகிறார்கள்.

#8 கற்குவியல்

"இஸ்டவுன்லோடட்" என்ற பெயரில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. கோப்பு இருப்பதும் கோப்பு முழுசாக இருப்பதும் ஒன்றல்ல. பாதி டவுன்லோடில் நெட் போனாலும், இயங்குதளம் செயலியை நிறுத்தினாலும், அந்தப் பெயரில் கோப்பு இருக்கும். எக்ஸிஸ்ட்ஸ்() மனசாட்சியே இல்லாமல் ட்ரூ சொல்லும். பயனருக்கு நாற்பது நிமிடப் பாடம் பன்னிரண்டாவது நிமிடத்தில் நின்றுபோகும், மறுபடி டவுன்லோட் செய்ய பட்டனும் வராது. பயனர் புகார்களில் "பாடம் பாதியில் நிற்கிறது" என்று வருபவற்றை இந்தக் கோணத்தில் பாருங்கள்.

டவுன்லோடைத் தற்காலிகப் பெயரில் எழுதுங்கள், பெயரின் கடைசியில் ".பார்ட்" மாதிரி ஏதாவது. முழுசாக வந்ததும், சர்வர் சொன்ன பைட் அளவோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றம் ஒரே அடியில் நடக்கும், பாதி மாறிய நிலை என்று ஒன்று கிடையாது. இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால்தான் "அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறது" என்பதற்கு "முழுசாக வந்துவிட்டது" என்ற பொருள் கிடைக்கிறது. கேஷ் ஃபோல்டரிலிருந்து எஸ்டி கார்டுக்குப் பெயர் மாற்ற நினைக்காதீர்கள். அவை வேறு வேறு ஃபைல் சிஸ்டம், ரீநேம்டூ() எக்ஸெப்ஷன்கூடப் போடாமல் ஃபால்ஸை மட்டும் திருப்பிவிட்டுப் போய்விடும், அந்த ஃபால்ஸை யாரும் பார்ப்பதே இல்லை. தற்காலிகக் கோப்பையும் போய்ச் சேரவேண்டிய ஃபோல்டரிலேயே வையுங்கள்.

செட்டிங்ஸ் மாதிரி சின்னக் கோப்புகளுக்கு ஆண்ட்ராய்டிலேயே அட்டாமிக்ஃபைல் என்ற கிளாஸ் இருக்கிறது, இந்த வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

#9 முற்றுப்புள்ளி

டேட்டாபேஸில் "டவுன்லோட் ஆனது = ஆம்" என்று குறித்துவைத்துக்கொண்டால் போதும் என்று யாராவது சொல்வதற்கு முன்: ஆண்ட்ராய்டு 6 முதல் ஆட்டோ பேக்கப் இருக்கிறது. பயனர் புது போனுக்கு மாறினால் உங்கள் டேட்டாபேஸ் அதில் திரும்பி வந்துவிடும். கேஷிலும் நோபேக்கப் ஃபோல்டரிலும் வைத்த கோப்புகள் வராது. செயலி முதல்முறை திறக்கும்போதே எல்லாப் பாடமும் டவுன்லோட் ஆனதாகக் காட்டும், ஒன்றும் பாடாது.

#10 அரைப்புள்ளி

சரி, என் பங்குக்கு. ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு பொது டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் எக்ஸிஸ்ட்ஸ்() ட்ரூ சொல்லியும், திறக்கப் போனால் அனுமதி மறுப்பு என்று வந்து விழுகிறது. லிஸ்ட் செய்தால் அந்தக் கோப்பு பட்டியலிலேயே இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்? அதனால்தான் பர்மிஷன் என்றேன்.

#11 கற்குவியல்

அது ஸ்கோப்டு ஸ்டோரேஜ். அங்கே எந்தக் கோப்பை எந்தச் செயலி உருவாக்கியது என்று இயங்குதளம் கணக்கு வைத்திருக்கிறது. நீங்கள் உருவாக்காத கோப்பை அனுமதி இல்லாமல் திறக்க விடாது. செயலியை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டால், முன்பு நீங்களே உருவாக்கியதற்கும் நீங்கள் உரிமையாளர் இல்லை. அப்போது வருவதுதான் இன்னும் வேடிக்கை: லிஸ்டில் கோப்பு தெரியாது, இல்லையே என்று அதே பெயரில் உருவாக்கப் போனால் "ஏற்கெனவே இருக்கிறது" என்று எரர் வரும். டெஸ்ட் செய்யும்போது அடிக்கடி அன்இன்ஸ்டால் செய்கிறவர்களுக்கு இது கட்டாயம் வரும். சொந்த உபயோகக் கோப்புகளைச் செயலியின் சொந்த ஃபோல்டரில் வைத்துக்கொண்டால் இந்த இழுபறியே இல்லை.

#12 புதுத்தடம்

எல்லோருக்கும் நன்றி. யூஆர்ஐயை முழுதாகச் சேமித்து, அனுமதியையும் தக்கவைத்தேன். போனை அணைத்துப் போட்ட பிறகும் வேலை செய்கிறது. டவுன்லோடையும் .பார்ட் வழிக்கு மாற்றிவிட்டேன்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. சில பாடங்கள் ஜிப்பாக வருகின்றன. செயலியின் சொந்த ஃபோல்டரில்தான் பிரிக்கிறேன். கோப்புப் பெயர்கள் தமிழில். "மலர்.எம்பி3" கிடைக்கிறது, "கொன்றை.எம்பி3" மட்டும் ஃபால்ஸ். லிஸ்ட் செய்து பார்த்தால் "கொன்றை.எம்பி3" பட்டியலில் கண்ணுக்கு நேராக இருக்கிறது! காப்பி பேஸ்ட் செய்து தேடினால் கிடைக்கிறது, நான் டைப் செய்தால் கிடைக்கவில்லை. முன்னால் பின்னால் ஸ்பேஸ் எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன்.

#13 வரிசைமாற்றி

ஆகா, இதற்காகத்தான் காத்திருந்தேன்.

இரண்டு பெயரையும் பைட்டாக மாற்றி நீளத்தை அச்சிட்டுப் பாருங்கள். ".எம்பி3" பகுதியை விட்டுவிட்டு "கொன்றை" மட்டும் பாருங்கள். ஒன்று 18 பைட், இன்னொன்று 21 பைட் வரும்.

"கொ"வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 3018 என்ற ஒரே குறியெண்ணாக எழுதலாம். அல்லது ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் துளிகூட வித்தியாசம் தெரியாது. யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் 3 பைட். ஆறு குறியெண் என்றால் 18, ஏழு என்றால் 21. ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே கதைதான். "மலர்" என்ற சொல்லில் இப்படிப்பட்ட குறி எதுவும் இல்லை, அதனால் தப்பித்தது.

செயலியின் சொந்த ஃபோல்டரில் ஆண்ட்ராய்டு பெயர்களைப் பைட் பைட்டாகத்தான் ஒப்பிடும். அதற்கு இவை இரண்டும் வேறு வேறு கோப்புகள், ஒரே ஃபோல்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும் முடியும். ஜிப் செய்தவர் பழைய மேக்கில் செய்திருந்தால் காரணம் அதுதான், அங்கே இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற ஃபைல் சிஸ்டம் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும்.

ஜிப்பைப் பிரிக்கும்போதே ஜாவாவின் நார்மலைசர் கிளாஸால் பெயரை என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றி எழுதுங்கள். தேடும்போதும் அதே வடிவத்துக்கு மாற்றித் தேடுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயன் இல்லை.

இன்னொரு எச்சரிக்கையும் இதோடு. கோப்புப் பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். தமிழுக்கு 3 பைட் வீதம் போட்டால் 85 குறியெண்கள், புள்ளியும் கொம்பும் காலும் அதில் தனித்தனியாக எண்ணப்படும். பாடத் தலைப்பை அப்படியே கோப்புப் பெயராக்கினால் சுலபமாக அதைத் தாண்டிவிடும். தாண்டிய பெயருக்கு எக்ஸிஸ்ட்ஸ்() என்ன சொல்லும் தெரியுமா? அதே ஃபால்ஸ்.

என்னைக் கேட்டால், கோப்புக்குப் பெயராக ஓர் எண்ணை வையுங்கள், "1043.எம்பி3" போல. அழகான தமிழ்த் தலைப்பு டேட்டாபேஸில் இருக்கட்டும்.

#14 ஸ்விஃப்ட்சித்தன்

ஆண்ட்ராய்டுக்காரர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், ஐஓஎஸ் பக்கமும் வருகிறேன். பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

ஃபைல்மேனேஜரின் ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ்(அட்பாத்) ஃபால்ஸ் சொன்னால், நான் முதலில் பார்ப்பது முழுப் பாதையை டேட்டாபேஸில் சேமித்திருக்கிறார்களா என்பதைத்தான். செயலியின் ஃபோல்டர் பாதையில் நடுவே யூயூஐடி என்ற நீளமான அடையாள எண் ஒன்று இருக்கும். செயலியை அப்டேட் செய்தால் அது மாறலாம். கோப்பு புது ஃபோல்டருக்குப் பத்திரமாக வந்திருக்கும், நீங்கள் பழைய முகவரியில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள். கோப்பின் பெயரை அல்லது டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் சேமியுங்கள். முன்பகுதியை ஒவ்வொரு முறையும் இயங்குதளத்திடம் கேட்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது யூஆர்எல்லை ஸ்ட்ரிங்காக மாற்றும் இடம். அப்ஸல்யூட்ஸ்ட்ரிங் எடுத்தால் முன்னால் "ஃபைல்://" ஒட்டிக்கொண்டு வரும், அப்படி ஒரு பாதை கிடையாது. இது பழைய தவறு, பெரும்பாலோருக்குத் தெரியும். ஐஓஎஸ் 16-இல் வந்த பாத்() ஃபங்ஷன் இன்னும் நைஸாகக் கவிழ்க்கும். அடைப்புக்குறிக்குள் எதுவும் கொடுக்காவிட்டால் பெர்சென்ட் என்கோட் செய்த பாதையைத்தான் தரும். ஸ்பேஸ் இருந்த இடத்தில் %20 வந்து உட்காரும். தமிழ்ப் பெயராக இருந்தால் ஒவ்வொரு குறியெண்ணும் ஒன்பது குறிகளாக விரிந்துவிடும். இங்கிலீஷில் ஒட்டி எழுதிய பெயர்களை மட்டும் டெஸ்ட் செய்கிறவருக்கு எல்லாம் சரியாகவே ஓடும். பெர்சென்ட்என்கோடட் என்பதற்கு ஃபால்ஸ் கொடுங்கள்.

மேக்கில் உள்ள சிமுலேட்டரில் ஓடி போனில் ஓடாவிட்டால் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைப் பாருங்கள். மேக் வழக்கமாக அந்த வித்தியாசத்தைப் பார்க்காது, ஐபோன் பார்க்கும்.

போன் லாக் ஆகியிருக்கும்போது பின்னணியில் ஓடும் கோடு இருந்தால் இன்னொன்று: முழுப் பாதுகாப்பு வகையில் சேமித்த கோப்பு இருக்கும், படிக்க மட்டும் முடியாது. பயனர் லாக்கைத் திறந்ததும் சரியாகிவிடும். ஆகவே படிக்க முடியவில்லை என்றதும் "கெட்டுப்போன கோப்பு" என்று முடிவு கட்டி அழித்துவிடாதீர்கள்.

#15 அரைப்புள்ளி

ஃப்ளட்டரில் (டார்ட் மொழியில் செயலி எழுதும் கருவி) எழுதுகிறவர்களுக்கு ஒன்று. ஜாவாவின் எக்ஸிஸ்ட்ஸ்() ஃபோல்டருக்கும் ட்ரூ சொல்லும், கோப்புதானா என்று தெரிய இஸ்ஃபைல்() கேட்க வேண்டும். டார்ட்டில் அப்படி இல்லை. ஃபைல் ஆப்ஜெக்ட்டில் கேட்டால் அது கோப்பாக இருந்தால் மட்டுமே ட்ரூ. ஜாவாவிலிருந்து கோடைப் பெயர்த்து எழுதும்போது கவனியுங்கள். எக்ஸிஸ்ட்ஸ்() அங்கே ஃப்யூச்சரை (பிறகு வரப்போகும் விடை) திருப்பும், அதற்குக் காத்திருக்க அவெயிட் போட வேண்டும்.

#16 புதுத்தடம்

18, 21 என்று அப்படியே வந்தது! பெயர்களை எண்ணாக மாற்றிவிட்டேன், கொன்றை பாடுகிறது.

கடைசியாக ஒன்று: பயனர் நிறையக் கோப்புகளைச் சேர்த்துக்கொண்டே போனால், ஒவ்வொன்றுக்கும் அனுமதியைத் தக்கவைத்துக்கொண்டே போகலாமா? வரம்பு ஏதாவது உண்டா?

#17 கற்குவியல்

உண்டு. ஒரு செயலிக்கு ஆண்ட்ராய்டு 10 வரை 128, ஆண்ட்ராய்டு 11 முதல் 512. தாண்டினால் பழைய அனுமதிகள் சத்தமில்லாமல் கழிக்கப்படும், எக்ஸெப்ஷன் எதுவும் வராது. பயனர் முதலில் சேர்த்த பாடங்கள்தான் முதலில் போகும். பயனர் ஒரு பாடத்தைப் பட்டியலிலிருந்து நீக்கும்போது அதன் அனுமதியையும் நீங்களே விட்டுவிட்டால் கொஞ்சம் தாங்கும்.

நிறையக் கோப்பு வரும் என்று முன்பே தெரிந்தால், ஓபன் டாக்குமென்ட் ட்ரீ மூலம் ஒரு ஃபோல்டரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரே அனுமதி, உள்ளே எத்தனை கோப்பு இருந்தாலும் கணக்கில் ஒன்றுதான். ஆனால் ஆண்ட்ராய்டு 11 முதல் ஸ்டோரேஜின் மேல்மட்ட ஃபோல்டரையும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் அப்படித் தேர்ந்தெடுக்க விடாது. பாடங்களுக்கென்று தனியாக ஒரு ஃபோல்டர் உருவாக்கச் சொல்லி, அந்தத் திரையிலேயே இரண்டு வரி விளக்கமும் எழுதிவிடுங்கள்.